கல்லோடு இருந்த சீட்டு

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே, தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே, ஒரு பழைய கட்டடத்தில் கல் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. ஒரு பெரிய கூடம், ஒரு தாழ்வாரம், பின்னால் ஒரு சின்ன அறை. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கியது. நான் நிலவியல் படித்துவிட்டுப் பள்ளி ஆசிரியையாகப் போனவள். அதைப் புதுப்பிக்கும் வேலைக்குக் கூப்பிட்டபோது ஒரு கோடை விடுமுறையில் முடிந்துவிடும் என்று நம்பிச் சரி என்றேன். மூன்று ஆண்டு ஆயிற்று, இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இதே மாதிரிக் கல் அலமாரிகள் தமிழ்நாட்டில் பல பழைய பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைத் திறக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உள்ளே இருந்தவை தேக்கு அலமாரிகள் ஏழு, இழுப்பறைகள் நூற்றுக்கு மேல், கற்கள் ஏறக்குறைய தொள்ளாயிரம். சேலம் சுண்ணாம்புக் கரட்டின் வெள்ளை மாக்னசைட், நெல்லூர் மைக்கா, மணவாளக்குறிச்சி மணல், அரியலூர்ப் பக்கத்து அம்மோனைட்டுகள் (பழங்காலக் கடலுயிர்களின் சுருள் ஓட்டுப் படிமங்கள்), திருவக்கரைக் கல்மரத் துண்டுகள், எங்கள் மாவட்டத்துத் தேவாலாவின் தங்கச் சுரங்கக் கற்கள். சென்னை அருங்காட்சியகமே 1851-ல் இப்படி ஒரு கல் சேகரிப்போடுதான் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போன அதிகாரிகளும் பாதிரியார்களும் தோட்டக்காரர்களும் கல் பொறுக்கினார்கள். பொறுக்கிய ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு எழுதி வைத்தார்கள். மங்கிய மசியில், சாய்ந்த கையெழுத்தில், எந்த ஊர், எந்தப் பாறை, யார் கொடுத்தது என்று இருக்கும்.

அந்தச் சீட்டின் அருமை எங்களுக்கு வேலை தொடங்கிய முதல் வாரத்திலேயே புரிந்தது. புரிந்த விதம்தான் கொடுமை.

நாங்கள் பெயின்டில் தொடங்கினோம். சுவர் பார்க்கச் சகிக்காமல் இருந்தது, அதனால் அதுதான் முதல் வேலை என்று எல்லோருக்கும் தோன்றியது. சுவரோர அலமாரிகளை நகர்த்த வேண்டும், நிறைந்த அலமாரி நகராது, ஆகவே இழுப்பறைகளைக் காலி செய்யும்படி வேலையாட்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டுப் போய்ப் பார்த்தேன். தாழ்வாரத்தில் கற்கள் அளவுவாரியாக, பெரியது ஒரு பக்கம் சின்னது ஒரு பக்கம், அழகாக அடுக்கியிருந்தன. சீட்டுகள் எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் மொத்தமாக இருந்தன. அந்தப் பையன்கள் மேல் தப்பே இல்லை. ஒரு கல்கூட உடையவில்லை, ஒரு சீட்டுகூடக் கிழியவில்லை, தரையையும் கூட்டி வைத்திருந்தார்கள். நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு அலமாரிகளில் இருந்த இருநூற்றுச் சொச்சம் கற்கள் ஒரே நாளில் அநாதையாகிவிட்டன. காரை என்ற ஊரில் கிடைத்த அம்மோனைட்டுக்கும் வேறெங்கோ கிடைத்த அம்மோனைட்டுக்கும் கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்வது பல நேரம் முடியாத காரியம். எங்கே கிடைத்தது என்று தெரியாத படிமத்தை வைத்து எந்த ஆராய்ச்சியும் செய்ய முடியாது. அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம், அவ்வளவுதான்.

அதில் பெரும்பகுதியை மீட்டோம். எட்டு மாதம் ஆயிற்று. முதலில் பழைய பதிவேட்டைத் தேடிப் பிடித்தோம். அலுவலக அறையில், ஊழியர் சம்பளப் பட்டியல்களுக்கு அடியில் கிடந்தது. அதில் சில கற்களுக்கு நீள அகலம் குறித்திருந்தது. இழுப்பறையின் அடியில் விரித்திருந்த பழைய தாளில் கற்கள் காலங்காலமாக உட்கார்ந்த இடம் நிறம் வெளுக்காமல் அச்சுப் பதிந்திருந்தது. கல்லை எடுத்து அந்த அச்சின் மேல் வைத்துப் பார்ப்போம், பொருந்தினால் அந்த வரிசைச் சீட்டுகளில் தேடுவோம். படிமத்தின் பொந்துகளில் ஒட்டியிருந்த மண்ணும் உதவியது. காரைப் பக்கத்துக் களிப்பாறையும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் நிறத்திலேயே வேறு. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்ததில் கடைசியாக மிஞ்சியது முப்பத்தொன்று. அந்த முப்பத்தொன்றுக்கும் ஊகத்தில் ஊர் எழுத வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தேன். தனித்தட்டில், ‘இடம் தெரியாதவை’ என்று எழுதி வைத்திருக்கிறோம்.

ஆகவே யாராவது இந்த வேலையைத் தொடங்கினால் செய்ய வேண்டிய முதல் காரியம், எதையும் தொடாமல் ஒவ்வொரு இழுப்பறையையும் இருந்தபடியே மேலிருந்து படம் எடுப்பது. அலமாரி எண், இழுப்பறை எண் எழுதிய துண்டுத்தாள் படத்துக்குள் தெரியட்டும். கைப்பேசிக் கேமரா போதும். பிறகு கல்லையும் சீட்டையும் ஒரே சின்னத் தட்டில் சேர்த்து வையுங்கள். நகர்த்தும்போது தட்டோடுதான் நகர வேண்டும். அதன்பின் கல்லின் மேலேயே எண் எழுத வேண்டும். நேரடியாக எழுதக்கூடாது. பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து, கண்ணில் படாத ஓரத்தில் நகத்தளவுக்குத் தடவி, காய்ந்ததும் அதன்மேல் மெல்லிய பேனாவால் எண்ணை எழுதி, இன்னொரு பூச்சு பூச வேண்டும். பின்னாளில் யாருக்காவது அது வேண்டாம் என்றால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தால் போய்விடும். ஃபெவிகால், வார்னிஷ், நகப்பூச்சு வேண்டாம். சீட்டுகளுக்கு லேமினேஷன் வேண்டவே வேண்டாம். நல்ல எண்ணத்தோடு ஒருவர் முப்பது சீட்டுகளை லேமினேட் செய்து கொண்டுவந்தார். சூட்டில் இளகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பழைய தாளிலிருந்து இனிப் பிரிக்க முடியாது.

சீட்டில் எழுதியிருப்பதைக் கணினியில் ஏற்றும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. எங்களோடு வேலை செய்த கல்லூரிப் பிள்ளைகள் பழைய ஊர்ப் பெயர்களை எல்லாம் இன்றைய பெயராக மாற்றிக்கொண்டே வந்தார்கள். ‘டிரிச்சினாபொலி’ என்று வந்த இடமெல்லாம் ‘திருச்சி’ ஆயிற்று. ஆனால் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு 1862-ல் அந்தப் பகுதிப் பாறைகளை வயது வரிசைப்படி ஊட்டத்தூர், டிரிச்சினாபொலி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அதில் நடுவில் வருவதன் பெயர்தான் அது. பல சீட்டுகளில் அந்தச் சொல் பாறையின் வயதைச் சொல்கிறது, ஊரைச் சொல்லவில்லை. பிள்ளைகள் திருத்தியதில் வயதும் போய், இல்லாத ஓர் ஊரும் வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு, சீட்டில் இருப்பதைப் பிழையோடு அப்படியே ஒரு கட்டத்திலும், நம் விளக்கத்தை அடுத்த கட்டத்திலும் எழுதுவது என்று வைத்துக்கொண்டோம்.

சரி, சுவருக்கு வருகிறேன்.

அடித்த பெயின்ட் அடுத்த மழையிலேயே பொரிந்து உரிந்தது. வடக்குச் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஓதம். எங்கள் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழையைவிட ஐப்பசி கார்த்திகை மழைதான் பலமானது. அது போக, மாதக்கணக்கில் மஞ்சு மூடிக் கிடக்கும். கோத்தகிரியிலிருந்து வந்த வயதான மேஸ்திரி ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே எதுவும் சொல்லாமல் வெளியே போய்க் கட்டடத்தைச் சுற்றி வந்தார்.

“டீச்சர், உள்ளே ஒண்ணுமில்லை. சீக்கு வெளியே இருக்குது,” என்றார்.

வெளியே பூச்செடிப் பாத்திக்காக வருஷா வருஷம் மண் கொட்டிக்கொட்டி, உள்தரையைவிட ஒன்றரை அடி உயரமாக மண் சுவரில் சாய்ந்து நின்றது. கூரையோரத் தகர வாய்க்காலில் சருகு அடைத்து, தண்ணீர் முழுவதும் அந்தப் பாத்தியில்தான் விழுந்தது. குரங்குகள் மங்களூர் ஓடுகளை நகர்த்தியதில் இரண்டு இடத்தில் நேரடி ஒழுக்கு வேறு. இதற்கெல்லாம் மேலே, பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பழுதுபார்ப்பில் சுண்ணாம்புக் காரைச் சுவரின் மேல் சிமென்ட் பூசிவிட்டிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை மூடிவிட்டால் ஈரம் மேலே ஏறும், அல்லது உள்பக்கம் வரும். எங்கள் அலமாரிகள் அந்த உள்பக்கத்தில்தான் இருந்தன. இன்னொன்றும் மேஸ்திரிதான் கண்டுபிடித்தார். கூடத்தில் இருந்த கணப்பின் புகைபோக்கியைக் குளவி வருகிறது என்று யாரோ மேலே பலகைக்கல் வைத்து அடைத்திருந்தார்கள். கூடத்துக்குக் காற்றுப் போக்கே அதுதான்.

மண்ணை அள்ளினோம், வாய்க்காலைச் சுத்தம் செய்தோம், ஓடு மாற்றினோம், புகைபோக்கியைத் திறந்து கம்பிவலை கட்டினோம். செலவில் இது மிகச் சின்னப் பங்கு. ஓதத்தில் பாதிக்கு மேல் இதிலேயே குறைந்தது. இதைச் செய்துவிட்டு ஒரு மழைக்காலம் முழுவதும் சும்மா இருந்து பார்த்திருந்தால் முதல் பெயின்ட் செலவே மிஞ்சியிருக்கும்.

சிமென்டை உரித்துச் சுண்ணாம்பு பூசுவதுதான் நீண்ட வேலை. மேஸ்திரி சுண்ணாம்பை நீற்றி ஊறப்போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் காரை குழைத்தார். சமவெளிக் கணக்கு இங்கே செல்லாது. குளிரிலும் மஞ்சிலும் ஒரு பூச்சு இறுக இரண்டு மடங்கு நாள் பிடிக்கிறது. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்தால் பச்சைப் பூச்சு பொருபொருவென்று உதிர்ந்துவிடும். மலையில் சுண்ணாம்பு வேலைக்கு மாசிக் கடைசியிலிருந்து வைகாசிவரைதான் நேரம். ஒப்பந்தம் எழுதும்போதே இதை எழுதிவிடுங்கள். முடிக்கும் தேதியை மார்ச் 31 என்று வைத்தால் கடைசி வாரத்தில் சிமென்ட் மூட்டை வந்து இறங்கும்.

சுவர் காய்ந்துகொண்டிருந்தபோது நான் இழுப்பறைகளில் மூழ்கியிருந்தேன். தேவாலா இழுப்பறையைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி. தேவாலா, பந்தலூர்ப் பக்கம் 1880-ஐ ஒட்டித் தங்க மோகம் பிடித்து ஆட்டியது. லண்டனில் கம்பெனிகள் முளைத்து, சில ஆண்டுகளிலேயே நொடித்துப்போயின. அந்த நாளின் குவார்ட்ஸ் கற்கள் எங்களிடம் பதினான்கு இருந்தன. குவார்ட்ஸுக்குள் தங்கம்போல் மின்னும் பைரைட் கந்தகமும் இரும்பும் சேர்ந்த கனிமம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் அது சிதையத் தொடங்கும். வெள்ளையும் மஞ்சளுமாகப் பொடி பூக்கும், கந்தக அமிலம் உண்டாகும். அந்த அமிலம் அடியில் இருந்த சீட்டுகளைத் தின்றிருந்தது. ஐந்து சீட்டுகள் தொட்டாலே உதிரும் பழுப்புச் சருகு. ஒரு சீட்டில் ‘தேவாலா’ என்பதன் முதல் எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. நூற்றைம்பது வருஷத்துக் கையெழுத்து. அன்றைக்கு வீட்டுக்குப் போயும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

பைரைட் உள்ள கல்லைத் தண்ணீரில் கழுவாதீர்கள். பொடியை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்துவிட்டு, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு மூட வேண்டும். சீட்டை டப்பாவுக்கு வெளியே, தனி உறையில் வையுங்கள். கூடம் முழுவதையும் உலர்த்த இயந்திரம் வாங்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஓட்டுக்கூரை, இடுக்கு நிறைந்த மரச் சன்னல்கள், அடிக்கடி போகும் மின்சாரம். நாங்கள் வைத்த ஈரப்பதமானி மஞ்சுக் காலத்தில் 85-க்குக் கீழே இறங்கியதே இல்லை. அந்தக் கூடத்தை உலர்த்துவது மஞ்சையே உலர்த்துகிற மாதிரி. நோய் வரக்கூடிய கற்கள் மொத்தத்தில் அறுபதுதான். அறுபது டப்பாக்கள் போதும் என்று முடிவு செய்தோம். சமையலறைக்கு வாங்குவோமே, நான்கு பக்கமும் கொக்கி போட்டு மூடுகிற பாலிபுரோப்பிலீன் டப்பா, அதுதான். ஆரஞ்சு நிற ஜெல் ஈரம் குடித்ததும் பச்சையாகும், ஓவனில் 110 டிகிரியில் சூடுபடுத்தினால் மறுபடி பயன்படும். நீல ஜெல்லில் கோபால்ட் இருக்கிறது, பிள்ளைகள் புழங்கும் இடத்தில் வேண்டாம்.

இன்னொரு இழுப்பறையில், படிமங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்த மன்னார் வளைகுடாச் சிப்பிகளில் வெள்ளைப் பூப் படர்ந்திருந்தது. எல்லோரும் பூசணம் என்றோம். ஈரத்துணியால் துடைத்தேன். இரண்டு மாதத்தில் முன்னைவிட அதிகமாக வந்தது. உருப்பெருக்கியில் பார்த்தபோது ஊசி ஊசியாக உப்புப் படிகங்கள். அப்போதுதான் படித்தது நினைவுக்கு வந்தது. பைன் என்ற ஆங்கிலேயர் 1899-ல் எழுதிய நோய் இது. கிருமியால் வருவது என்று அவர் நினைத்தார். உண்மையில், மூடிய மர இழுப்பறையில் மரமே வெளிவிடும் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவி ஓட்டின் சுண்ணாம்பைக் கரைக்கிறது. இழுப்பறையைத் திறந்ததும் லேசாக வினிகர் வாடை வந்தால் சந்தேகப்படுங்கள். சிப்பிகளை மரத்திலிருந்து பிரித்துப் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றினோம். இந்த ஒரு காரணத்துக்காகவே புது பிளைவுட், எம்.டி.எஃப். அலமாரி வேண்டாம் என்று குழுவில் வாதாடினேன். பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஒட்டுப் பசையின் ஆவி பழைய தேக்கைவிட மோசம்.

பழைய சேகரிப்பில் ஆபத்தும் உண்டு என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எங்கள் அலமாரியில் புலிவெந்துலா ஆஸ்பெஸ்டாஸ் ஒரு கொத்து, பஞ்சுபோல, பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும் தட்டிலேயே இருந்தது. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் உண்டு, அதில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸை முகக்கவசம் போட்டு இரட்டைப் பையில் அடைத்துப் பூட்டினோம். மணலைச் சின்னக் குப்பியில் மூடி, ஆட்கள் நாள் முழுதும் உட்காராத பின்னறைக்கு மாற்றினோம். புது இடத்தில் இழுப்பறை திறப்பவர்கள் முதல் நாள் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது ‘டைனோசர் முட்டை’. வழுவழுவென்று, பந்தளவு, நடுக்கூடத்தில் தனிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. அதன் சீட்டு மட்டும் பேனாவில் எழுதிய புதுச் சீட்டு. பதிவேட்டில் அதே எண்ணுக்கு ‘உருண்டைக் கல், அரியலூர்’ என்றுதான் இருந்தது. முட்டையென்றால் ஓடு இருக்க வேண்டும், ஓட்டில் நுண்துளைகள் இருக்க வேண்டும். இதில் ஓடே இல்லை. கனிமம் படிந்து படிந்து உருண்டையான கல் அது. சீட்டை மாற்ற வேண்டும் என்றேன். கூட்டம் வருவதே அதைப் பார்க்கத்தான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். அந்த ஆண்டின் மிகப் பெரிய சண்டை அதுதான். முடிவில் கல்லை அதே பெட்டியில் வைத்து, ‘இதை முட்டை என்று ஏன் நினைத்தோம்? ஏன் இல்லை?’ என்று எழுதினோம். பக்கத்தில் ஒரு கோழிமுட்டை ஓட்டுத் துண்டும் உருப்பெருக்கியும் வைத்தோம். பிள்ளைகள் இப்போது அங்கேதான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

அம்மோனைட் பெட்டி முன்னால் பெரியவர்கள் நிற்பார்கள். சாளக்கிராமம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, கண்டகி நதிச் சாளக்கிராமத்துக்குள் இருக்கும் சக்கரம் அம்மோனைட்டின் சுருள்தான். அதையும் சீட்டில் எழுதியிருக்கிறோம்.

“நம்ம மலையில டைனோசர் இருந்துச்சா மிஸ்?” இந்தக் கேள்வி வராத நாளில்லை. நீலகிரியின் பாறையில் படிமம் கிடைக்காது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவான சார்னோகைட் இது. எலும்பும் ஓடும் உள்ள உயிர்கள் உலகில் வருவதற்கு மிக முந்தையது. பழைய ஏற்பாட்டில் இந்தக் கல் ஒரு மூலை இழுப்பறையில் கிடந்தது. அதை வாசலுக்குக் கொண்டுவந்தோம். பெரிய பலகையாக, யாரும் தொடலாம். கட்டடத்தின் அடித்தளமும் அதே கல்தான், அதனால் பலகையிலிருந்து அடித்தளம்வரை ஒரு கோடு வரைந்திருக்கிறோம். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து போன கருங்கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் ஹாலண்ட், 1893-ல் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார் என்பதையும் அங்கே சொல்கிறோம். அதே கல் உள்ள பல்லாவரத்தில் சொந்தக்காரர்கள் இருக்கும் பிள்ளைகளுக்கு அது நம்ப முடியாத செய்தி.

மேட்டு நில ஈரச் சதுப்புகளின் கரிமண்ணுக்கும் ஒரு பெட்டி ஒதுக்கினோம். அந்த மண்ணில் 20,000 ஆண்டுக்கு மேற்பட்ட தட்பவெப்பக் கதை இருக்கிறது. புல்வெளியும் சோலையும் மாறி மாறி விரிந்து சுருங்கியதை 1993-ல் ஆராய்ச்சியாளர்கள் அதிலிருந்துதான் படித்தார்கள். அதே 1993 நவம்பரில்தான் குன்னூர்ப் பக்கத்து மரப்பாலத்தில் மண்சரிவு. சாலையே அடித்துக்கொண்டு போனது, உயிர்கள் போயின. பாறை மக்கி எப்படிக் கனத்த மண்ணாகிறது, தண்ணீர் குடித்தால் அது ஏன் வழுக்குகிறது என்று காட்டும் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கடைசியாகச் செய்தோம். சுவரோரம் மண்ணைக் கொட்டி வைத்தால் என்ன ஆகும் என்பது எங்கள் கட்டடத்துக்கே தெரிந்த விஷயம்தானே.

போன மாதம் பந்தலூரிலிருந்து ஒரு பெரியவர் பேத்தியோடு வந்தார். அவருடைய தாத்தா சுரங்கத்தில் வேலை செய்தவராம். ‘இடம் தெரியாதவை’ தட்டின் முன்னால் வெகுநேரம் நின்றார். துருநிறக் கோடு ஓடிய ஒரு வெள்ளைக் கல்லைக் காட்டி, “இது எங்க பக்கத்துக் கல்லு மாதிரி இருக்குதும்மா,” என்றார். இருக்கலாம். அவர் சொன்னதைத் தேதியோடு ஒரு புதுச் சீட்டில் எழுதி அந்தக் கல்லின் அடியில் வைத்தேன். தட்டை மாற்றவில்லை.

வடக்குச் சுவரில் இன்னும் பன்னிரண்டு அடி சிமென்ட் பாக்கி. மாசி பிறந்ததும் வருவதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார், சுண்ணாம்பை இப்போதே ஊறப்போட்டாயிற்று.